காலைப் பதம்

எங்கள் கல்லூரியின் ஆசிரியர் ஓய்வறையில் சில வாரங்களுக்கு முன் ஒரு சிறிய விவாதம் நிகழ்ந்தது. ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றிய பழைய ஆங்கில நூல் ஒன்று என் கையில் இருந்தது. அதை வாங்கிப் புரட்டிப் பார்த்த பொருளியல் துறை நண்பர், "வசதி படைத்த வெள்ளைக்காரர்கள் விடியற்காலையில் எழுந்து மலையிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியதில் நமக்கு என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மணி அடித்துவிட்டதால் வகுப்புக்குச் சென்றுவிட்டேன். ஆனால் கேள்வி என்னுடனேயே வந்தது. அன்று சொல்லத் தவறிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்கீ எனப்படும் அந்தச் சறுக்குக் கட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. மார்கழி விடியலில் புல்நுனியில் பார்த்த பனிதான் எனக்குப் பனி. ஆகவே இது அனுபவஸ்தனின் குறிப்பு அல்ல. ஒரு வாசகனின் எண்ணங்கள் மட்டுமே.

*

ஆர்னால்ட் லன் என்ற பெயர் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்குப் பரிச்சயமானதல்ல. ஆனால் அவர் பிறந்த ஊர் நமக்கு மிகவும் பரிச்சயமானது. 1888 ஏப்ரலில் அவர் மதராஸில் பிறந்தார். தந்தை ஹென்றி லன் மெதடிஸ்ட் சபையின் ஊழியராக அங்கு வந்திருந்தார். உடல்நலம் குன்றியதால் விரைவிலேயே குடும்பத்துடன் இங்கிலாந்து திரும்பினார். 1892-இல் பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவ சபைகளை ஒன்றிணைக்கும் நோக்குடன் சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்ட் என்ற மலையூரில் அவர் மாநாடு கூட்டினார். சபைகள் ஒன்றிணையவில்லை. ஆனால் மாநாட்டுக்கு ஆட்களை அழைத்துச் சென்ற அனுபவம் அவரை ஒரு பயண ஏற்பாட்டாளராக மாற்றிவிட்டது. ஆங்கிலேயர்களைக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸுக்கு அழைத்துச் செல்வது அவரது பெருந்தொழிலாயிற்று.

மகன் ஆர்னால்ட் பத்து வயதில் ஷாமோனியில் முதன்முதலாக ஸ்கீ கட்டைகளின் மேல் ஏறி நின்றான். 1974-இல் இறக்கும்வரை பனியே அவரது வாழ்க்கை. அறுபதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். பனிச்சறுக்குக்கான ஆங்கில ஆண்டு மலர் ஒன்றை ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் தொகுத்தார். இன்று ஒலிம்பிக்கில் நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் ஸ்லாலம் பந்தயத்தை, கொடிகளை ஊன்றி அவற்றின் ஊடே வளைந்து வளைந்து இறங்கும் அந்த வடிவத்தை, 1922-இல் சுவிட்சர்லாந்தின் மியூரென் என்ற ஊரில் வகுத்தவர் அவரே. அதுவரை ஒருவர் எவ்வளவு அழகாகத் திரும்புகிறார் என்று நடுவர்கள் மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்தனர். யார் முதலில் கீழே வந்து சேர்கிறார் என்பதே அளவுகோலாக இருக்கட்டும் என்றார் லன்.

இவை சாதனைகள். எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைப்பவை. என்னை இழுத்தது வேறொரு செய்தி. 1909 ஜனவரியில் அவர் பெர்னீஸ் ஓபர்லாண்ட் மலைத்தொடரை ஸ்கீயில் குறுக்காகக் கடந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் வேல்ஸின் காடர் இட்ரிஸ் மலையில் ஏறும்போது பிடித்திருந்த பாறை பெயர்ந்து, ஏறத்தாழ நூறடி கீழே விழுந்தார். கால் நொறுங்கியது. வெட்டியெடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். கால் தப்பியது, ஆனால் மற்றதைவிட இரண்டு மூன்று அங்குலம் குட்டையாகிவிட்டது. புண் பல ஆண்டுகள் ஆறவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அந்தக் காலோடுதான் அவர் அடுத்த அறுபதாண்டுகளும் பனியில் இறங்கினார். 1917 ஜூனில், வழிகாட்டி யோசெஃப் க்னூபெலுடன், 4,545 மீட்டர் உயரமுள்ள டோம் சிகரத்தின் முதல் ஸ்கீ ஏற்றத்தை நிகழ்த்தினார். 1924 மே மாதத்தில் மூன்று சுவிஸ் தோழர்களுடன் ஐகரில் அதேபோன்ற முதல் ஏற்றம். மாதங்களைக் கவனியுங்கள். மே, ஜூன். பனிவிளையாட்டு ஊர்களில் விடுதிகள் கதவடைத்துவிடும் பருவம். லன் பெரிதும் நேசித்தது அந்தப் பருவத்தின் உயர்மலைப் பனியைத்தான். அந்தப் பனியை ஆளுவது காலைப்பொழுது.

*

காலைக்கும் பனிக்கும் உள்ள உறவைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இக்கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மார்ச் கடைசியிலிருந்து ஆல்ப்ஸில் பகல் வெயில் பனியின் மேற்பரப்பை உருக்கத் தொடங்கும். மேகமற்ற இரவில் அந்த ஈரம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து மீண்டும் உறையும். இவ்வாறு நாள்தோறும் உருகியும் உறைந்தும் வரும்போது, விழுகையில் ஆறு முனைகளோடு இருந்த பனித்துகள்கள் தம் கூர்மையை இழந்து உருண்டு திரண்டு மணிகளாகின்றன. இந்த மணிப்பனியைச் சறுக்காளர்கள் ஜெர்மன் சொல்லால் ஃபிர்ன் என்று அழைக்கிறார்கள்.

விடியலில் அது பாறைபோல் இறுகியிருக்கும். அவசரப்பட்டு அப்போதே இறங்குபவனின் கட்டைகள் தடதடத்துப் பிடியிழக்கும். சூரியன் பட்டுச் சிறிது நேரத்தில் மேலே ஒரு விரற்கடை அளவு மட்டும் நெகிழும். கீழே உறுதியான தளம் அப்படியே இருக்கும். கட்டை தானாகவே திரும்புவதுபோல் வழுக்கிச் செல்வது அந்நேரத்தில்தான். ஒரு சரிவில் இது நீடிப்பது அரைமணி நேரமாக இருக்கலாம். ஒருமணி நேரமாக இருக்கலாம். பிறகு பனி கூழாகிவிடும். முழங்கால்வரை புதையும். இன்னும் தாமதித்தால் ஈரப்பனி மொத்தமாகச் சரிந்து ஆளையே மூடிவிடக்கூடும். ஆகவேதான் உயர்மலைக் குடில்களிலிருந்து பின்னிரவிலேயே விளக்கேந்திப் புறப்படுகிறார்கள். ஏறுவதற்கு இரவு, இறங்குவதற்குக் காலை.

இதற்குத் தமிழில் நாம் தேட வேண்டிய சொல் ஒன்றுமில்லை. நம் சமையலறையிலேயே இருக்கிறது. பதம். பாகு காய்ச்சும் பாட்டி கரண்டியைத் தூக்கிக் கம்பி விழுகிறதா என்று பார்ப்பாளே, அதே பதம். நொடி முந்தினால் நீர். நொடி பிந்தினால் கல். பதநீரும் அப்படித்தான். பனையேறிகள் விடியலில் ஏறுவது அழகுணர்ச்சியால் அல்ல. வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கிவிடும் என்பதால்.

பதத்தை அறிவது கடிகாரத்தால் முடிவதல்ல. இரவில் விண்மீன்கள் தெரிந்தனவா, மேகம் போர்த்தியிருந்ததா? மேகம் இருந்தால் இரவு உறைந்திருக்காது, காலை வீண். விடியற்காலையில் காலடியில் பனி கிறீச்சிடுகிறதா, மௌனமாக இருக்கிறதா? காற்று எந்தப் பக்கம்? கிழக்கு நோக்கிய சரிவில் பதம் முதலில் வரும், பிறகு தெற்கு, பிறகு மேற்கு. மலையை அறிந்தவன் சூரியனைப் பின்தொடர்ந்து சரிவுக்குச் சரிவு செல்வான். அறியாதவன் ஒரே சரிவில் முதலில் பனிக்கட்டியையும் பிறகு கூழையும் சந்தித்துவிட்டு, இன்று பனி சரியில்லை என்று சொல்லித் திரும்புவான்.

மியூரென் இந்தக் கல்விக்கென்றே அமைந்த ஊர் எனலாம். கடல்மட்டத்திலிருந்து 1,638 மீட்டர் உயரத்தில், லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில், ஒரு திண்ணைபோல அமைந்திருக்கிறது. எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் என மூன்று பெருஞ்சிகரங்கள். சூரியன் அவற்றைத் தாண்டித்தான் வரவேண்டும். ஊர் நிழலில் இருக்கும்போதே பின்புறம் ஷில்தோர்னின் மேற்சரிவுகளில் வெளிச்சம் விழுந்துவிடும். அது படிப்படியாகக் கீழிறங்கி ஊரை அடையும். ஊரில் இருப்பவன் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறான். மேலே இருப்பவன் வெளிச்சத்தோடு கூடவே இறங்குகிறான்.

குறிஞ்சிக்கு யாமத்தையும் மருதத்துக்கு வைகறையையும் வகுத்தது நம் இலக்கணம். மலைக்கு நள்ளிரவு, வயலுக்கு விடியல். அது நம் மலைக்குரிய உண்மை, நம் காதலர்க்குரிய உண்மை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் கோட்பாடு ஆல்ப்ஸுக்கும் பொருந்துகிறது: ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கே உரிய பொழுது ஒன்றுண்டு, அப்பொழுதில்தான் அந்நிலம் தன்னைத் திறந்து காட்டும் என்பது. பனிமலைக்கு அது வைகறை. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் முதற்பொருள் நடத்தும்போது மாணவர்கள் இதை மனப்பாடப் பட்டியலாகவே எழுதிக்கொள்கிறார்கள். நிலமும் பொழுதும் ஏன் ஒன்றாக வைக்கப்பட்டன என்பதை இனி மணிப்பனியைச் சொல்லி விளக்கலாம் என்றிருக்கிறேன்.

*

இலக்கியத்தில் இந்தப் பனி வேறு விதங்களிலும் வந்திருக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில், மனைவியின் காசநோய்க்காகத் தாவோஸில் தங்கியிருந்தார். 1894 மார்ச்சில் உள்ளூர்ச் சகோதரர்கள் இருவருடன் விடியுமுன் புறப்பட்டு, மலைக்கணவாய் வழியாக அரோசாவுக்கு ஸ்கீயில் சென்றார். அவ்வனுபவத்தை அதே ஆண்டு ஸ்ட்ராண்ட் இதழில் நகைச்சுவை ததும்ப எழுதினார். அந்தச் சகோதரர்கள் முதலில் இந்தக் கட்டைகளில் பழகியபோது, ஊரார் கேலிக்கு அஞ்சி இருட்டிய பிறகே பழகினார்கள் என்று சொல்லப்படுகிறது. இன்று கோடிகள் புரளும் ஒரு விளையாட்டு கேலிக்குப் பயந்து இருளில் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே தாவோஸில்தான் தாமஸ் மன்னின் மாயமலை நிகழ்கிறது. 1924-இல் வெளிவந்த அந்நாவலில் ஹன்ஸ் காஸ்டார்ப் ஸ்கீ வாங்கி, தனியே பழகி, ஒரு பிற்பகலில் பனிப்புயலில் வழிதவறி, மரணத்தின் விளிம்பில் ஒரு கனவு காண்கிறான். உலக இலக்கியத்தின் மகத்தான அத்தியாயங்களுள் ஒன்று அது. ஆனால் காஸ்டார்ப் பனியை அறிந்தவன் அல்லன். அவனுக்குப் பனி ஒரு வெண்மை, ஒரு சூனியம், தத்துவம் நிகழ்வதற்கான வெற்றுத் தாள். லன்னின் பனி வெற்றுத் தாள் அன்று. அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் ஒன்று. நேற்றைய வெயிலும் இரவின் விண்மீன்களும் காற்றின் திசையும் அதில் எழுதியிருக்கின்றன. வாசிக்கத் தெரிய வேண்டும்.

மன் பெரிய கலைஞர், லன் அப்படியல்லர். அவரது எழுத்தில் பிரசங்கம் மிகுதி. சண்டைக்காரத் தொனியும் உண்டு. எனினும் ஒரு விஷயத்தில் நான் லன்னின் பக்கம் நிற்கிறேன். இயற்கையின் முன் மெய்ம்மறந்து நிற்பதைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். மெய்யறிந்து நிற்பதன் களிப்பைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். சுற்றுலாப் பயணி முதல் காலையில் அடைவது வியப்பு. அறுபதாண்டு சறுக்கியவன் அடைவது வேறு. அவனுக்கு அந்தக் காலை புதிதல்ல. புதிதல்ல என்பதால்தான் அதன் நுண்மைகள் அவனுக்குத் தெரிகின்றன. நூறாவது முறை குறுந்தொகையைத் திறப்பவனுக்கும் முதன்முறை திறப்பவனுக்கும் உள்ள வேறுபாடு அது. குட்டைக் காலுடன் இறங்கியவனுக்கு அந்த அறிவு இன்னும் கூடுதலாகவே தேவைப்பட்டிருக்கும். வலிமையால் சமாளிக்கக் கூடியவன் பதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

*

இனி என் நண்பரின் கேள்வியின் கசப்பான பகுதிக்கு வருகிறேன். அது பணக்காரர்களின் விளையாட்டுத்தானே? ஆம். அன்றும் அப்படித்தான், இன்றும் பெருமளவு அப்படித்தான். ஹென்றி லன் அழைத்துச் சென்றவர்கள் ஆங்கிலேயச் சீமான் வீட்டுப் பிள்ளைகள். 1911-இல் ஆர்னால்ட் லன் தொடங்கிய இறக்கப் பந்தயத்தின் கோப்பைக்கே காந்தகாரின் ராபர்ட்ஸ் பெயர்தான். ஆப்கானியப் போரில் வென்ற தளபதியின் பட்டம் அது. அந்தப் பெயரால்தான் 1924-இல் மியூரெனில் காந்தகார் சங்கம் தோன்றியது. பேரரசின் சுவடு பனியிலும் பதிந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆனால் அதைவிட ஆழமான முரண் ஒன்று இந்தக் கதையில் உண்டு. தனிமையான காலையை நேசித்த குடும்பமே அத்தனிமையைக் கலைத்தது. கோடைக்காக 1891-இல் திறக்கப்பட்ட மியூரென் ரயிலை, 1910-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓடவைத்தவர் ஹென்றி லன். மகன் வகுத்த பந்தயங்கள் உலகெங்கும் பரவின. பந்தயத்துக்குப் பாதை வேண்டும். பாதைக்குக் கம்பிவண்டி வேண்டும். கம்பிவண்டிக்குக் கூட்டம் வேண்டும். 1928-இல் ஷில்தோர்ன் உச்சியிலிருந்து பள்ளத்தாக்கு வரை நடந்த முதல் இன்ஃபெர்னோ பந்தயத்தில் பதினேழு பேர் கலந்துகொண்டார்கள். உச்சிவரை அவர்கள் தம் கால்களாலேயே ஏறினார்கள். 1967 முதல் அவ்வுச்சிக்கு ரோப்கார் செல்கிறது. பந்தயத்தில் இப்போது 1,800-க்கும் மேற்பட்டோர் இறங்குகிறார்கள். ஆர்னால்டின் மகன் பீட்டர் லன் முதுமையின் உச்சியிலும் அதில் கலந்துகொண்டார் என்பது ஆறுதலான செய்தி.

இன்றைய பனிவிளையாட்டு ஊர்களில் காலை என்பது ஒரு சரக்கு. இரவெல்லாம் இயந்திரங்கள் சரிவுகளில் ஓடிப் பனியைச் சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாகச் சமன் செய்கின்றன. காலையில் முதல் வண்டியில் ஏறி அந்தக் கோடுகளில் முதல் தடம் பதிப்பதற்குப் பல இடங்களில் தனிக் கட்டணம் உண்டு, சிற்றுண்டியும் சேர்த்தே. பதத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்; நாம் நேரத்துக்கு வந்தால் போதும். இதில் கிடைக்கும் இன்பம் பொய்யானது என்று சொல்ல நான் யார்? மனிதர்கள் இருளில் எழுந்து, குளிரில் வரிசையில் நின்று, வெளிச்சம் வரும் கணத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே நல்ல விஷயம்தான். உரைநூல் வாங்கிப் படிப்பவனையும் நாம் வாசகனல்லன் என்று தள்ளிவிடுவதில்லை. ஆனால் உரையோடு நின்றுவிடுபவன் எதை இழக்கிறான் என்று சொல்வது ஆசிரியனின் கடமை.

வாங்க முடியாத ஒன்றும் இருக்கிறது. இரவுக் குளிர். மணிப்பனியின் பதம் இரவு உறைவதைச் சார்ந்தது. 2023 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் மேல், வளிமண்டலத்தில் வெப்பம் பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம் 5,298 மீட்டர் என்று பதிவாயிற்று. ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கே 4,800 மீட்டரைச் சற்றே தாண்டியது. அதாவது அன்று ஆல்ப்ஸ் முழுவதையும் சூழ்ந்திருந்த காற்று உறைநிலைக்கு மேலே இருந்தது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. செயற்கைப் பனி தூவும் கருவிகள் தாழ்ந்த சரிவுகளைச் சிறிது காலம் காப்பாற்றலாம். உயர்மலையில் ஒரு வசந்த இரவை உறைய வைக்கும் கருவி எதுவுமில்லை. இரவு உறையாவிட்டால் காலை இல்லை. பொழுது விடியும்; ஆனால் அந்த நிலத்துக்குரிய பொழுது விடியாது.

இதைக் கேட்கும்போது பணக்காரர்களின் பொழுதுபோக்கு ஒன்று குறைகிறது என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாசிப்பு அழிகிறது என்று தோன்றுகிறது. நூறாண்டுகளாக மனிதர்கள் காலால் கற்றுச் சேர்த்த நுண்ணறிவு அது. ஒரு நிலம் மாறும்போது அந்நிலத்தைப் பற்றிய அறிவு முதலில் பயனற்றதாகும், பிறகு மறக்கப்படும், பிறகு அப்படியொன்று இருந்ததே தெரியாமல் போகும். பனையேறி இல்லாத ஊரில் பதநீரின் பதத்தைப் பற்றி யாரிடம் பேசுவது?

*

நண்பருக்கான பதில் இதுதான். நம்மிடையே களிப்பு எப்போதும் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. விளையாட்டு என்றால் பதக்கம் வேண்டும். நடை என்றால் சர்க்கரை குறைய வேண்டும். கவிதை என்றால் கருத்து வேண்டும். பயனற்ற களிப்பு என்றவுடன் அதை வசதி படைத்தவர்களின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் ஊனமுற்ற காலோடு அறுபதாண்டுகள் ஒருவர் இருளில் எழுந்தது எந்தப் பதக்கத்துக்காகவும் அல்ல. ஒரு விரற்கடைப் பனி நெகிழும் அரைமணி நேரத்துக்காக. அவ்வரைமணி நேரத்தில் அவர் அறிந்ததெல்லாம் பயன்பட்டது; அறிந்ததனால் மட்டுமே அது இன்பமாயிற்று. செல்வம் அவரை மலையடிவாரம்வரை கொண்டுசென்றிருக்கலாம். பதத்தைக் காட்டிக்கொடுத்தது செல்வமல்ல.

பதம் என்ற சொல்லுக்குச் சொல் என்றும் ஒரு பொருள் உண்டு. இருபதாண்டுகளாக மாணவர்களுக்கு நான் கற்பிக்க முயல்வது அதைத்தான்: எந்தச் சொல் எப்போது நெகிழும் என்று காத்திருந்து அறிவது. அதற்குக் குறுக்குவழி இல்லை. விடியலில் எழ வேண்டும். பலமுறை ஏமாற வேண்டும். மறுநாளும் எழ வேண்டும்.

நாளை ஓய்வறையில் நண்பரிடம் அந்நூலை மீண்டும் நீட்டலாமென்று இருக்கிறேன். அவர் சொந்த ஊரில் அவருடைய தாத்தா பனையேறி என்பது நேற்றுத்தான் தெரிந்தது.